தழும்பேறிய கல்லீரலும் புற்றுநோயும்: வாசகர் ஒருவருக்குப் பதில்

கேள்வி: மருத்துவர் அவர்களுக்கு வணக்கம். என் அப்பாவுக்கு 58 வயது. நீண்ட காலமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது, குடிப்பழக்கம் கிடையாது. ஃபேட்டி லிவர் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். சென்ற மாதம் எடுத்த ஃபைப்ரோஸ்கேனில் 16.4 கிலோபாஸ்கல் என்று வந்தது. பிளேட்லெட் 1,30,000, கல்லீரல் நொதிகளான எஸ்ஜிஓடி 52, எஸ்ஜிபிடி 46. சிரோசிஸ் தொடங்கிவிட்டது, இப்போது புற்றுநோய் இல்லை, ஆனாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். என் பெரியப்பா ஹெபடைடிஸ் பி கிருமியால் கல்லீரல் புற்றுநோய் வந்து இறந்தவர் என்பதால் வீட்டில் எல்லோரும் பயந்துபோயிருக்கிறோம். செல்லுக்கு வெளியே இருக்கும் மேட்ரிக்ஸ் என்ற பொருள்தான் கல்லீரல் புற்றுநோயை வளர்க்கிறது என்று படித்தேன். அது என்ன? அதைக் கரைக்க மருந்து உண்டா? அப்பா மூட்டு வலிக்காகக் கொலாஜன் பவுடர் சாப்பிடுகிறார். மேட்ரிக்ஸ் என்பதே கொலாஜன்தான் என்றால் அதை நிறுத்திவிடலாமா? கீழாநெல்லி கொடுக்கலாமா? எனக்கு 32 வயது. எனக்கும் இது வருமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு வணக்கம்.

நீங்கள் படித்தது தவறில்லை. கல்லீரலில் ஏறிய தழும்பு தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் செல்களின் நடத்தையை மாற்றுகிறது என்பதும், புற்றுநோய் தோன்றவும் வளரவும் அது துணைபோகிறது என்பதும் ஆய்வுக்கூடங்களில் பலமுறை காட்டப்பட்டுள்ளன. ஆனால் அந்தத் தழும்பை நேரடியாகக் கரைக்கும் மருந்து இன்றுவரை நோயாளியின் கைக்கு வந்து சேரவில்லை. எனவே உங்கள் தந்தையாரைப் பொறுத்தவரை செய்யத்தக்கவை இரண்டு. தழும்பை உண்டாக்கிக்கொண்டிருக்கும் காரணத்தை நிறுத்த வேண்டும். அவருடைய மருத்துவர் சொன்ன ஆறு மாத ஸ்கேனை ஒருமுறைகூடத் தவறவிடக் கூடாது. இவ்விரண்டும் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது மேட்ரிக்ஸ் என்ன செய்கிறது என்று தெரிந்தால் விளங்கும் என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். இடையில், உங்கள் கடிதத்தில் காணப்படாத ஒரு பரிசோதனையைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் உடலின் எந்த உறுப்பும் செல்களால் மட்டும் ஆனதில்லை. செல்களுக்கு நடுவிலும் அவற்றைச் சுற்றிலும் கொலாஜன், லாமினின், ஃபைப்ரோநெக்டின் முதலிய புரதங்களாலும், சர்க்கரைச் சங்கிலிகள் கோத்த புரோட்டியோகிளைக்கன்களாலும் ஆன நுண்ணிய வலை ஒன்று இருக்கிறது. செல்களே அதை நெய்கின்றன; செல்களே அதைப் பிரித்தும் எடுக்கின்றன. எக்ஸ்ட்ராசெல்லுலார் மேட்ரிக்ஸ் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். எலும்பிலும் தோலிலும் இது மிகுதி. நலமான கல்லீரலில் மிகக் குறைவு. கல்லீரல் செல்கள் குடலிலிருந்து வரும் இரத்தத்தோடு இடைவிடாமல் கொடுக்கல் வாங்கல் நடத்த வேண்டியவை என்பதால், அங்கே ஓடும் சைனுசாய்டு என்னும் நுண்குழாய்களின் சுவரில் சிறு துளைகள் இருக்கின்றன. மற்ற உறுப்புகளின் நுண்குழாய்களுக்கு அடியில் காணப்படும் அடர்த்தியான சவ்வும் அங்கே இல்லை. குழாய்ச் சுவருக்கும் கல்லீரல் செல்லுக்கும் நடுவே டிஸ்ஸே இடைவெளி எனப்படும் குறுகலான சந்து இருக்கிறது. அதில் நான்காம் வகைக் கொலாஜனும் லாமினினும் தளர்வாகப் பரவியிருக்கின்றன.

அந்தச் சந்துக்குள்தான் நம் கதையின் முக்கியப் பாத்திரமான ஸ்டெல்லேட் செல் குடியிருக்கிறது. ஜெர்மானிய உடற்கூறியலாளர் கார்ல் வான் கூப்ஃபர் 1876-இல் தங்க உப்பால் திசுவுக்கு நிறமேற்றிப் பார்த்தபோது நட்சத்திர வடிவில் கண்ட செல் அது. உடலின் வைட்டமின் ஏ கையிருப்பில் பெரும்பகுதியைக் கொழுப்புத் துளிகளாகத் தன்னுள் சேமித்து வைத்துக்கொண்டு, இருக்குமிடம் தெரியாமல் இருப்பதே நலமான கல்லீரலில் அதன் வேலை. கிருமியாலோ, மதுவாலோ, உங்கள் தந்தையாருக்கு நேர்ந்ததுபோல் கொழுப்பாலும் சர்க்கரையாலுமோ கல்லீரல் செல்கள் ஆண்டுக்கணக்கில் அடிபட்டுக்கொண்டே இருந்தால், டிஜிஎஃப் பீட்டா போன்ற சமிக்ஞைப் புரதங்கள் இந்தச் செல்லை எழுப்பிவிடுகின்றன. அது தன் வைட்டமின் சேமிப்பை இழந்து, சுருங்கி விரியும் ஆற்றல் பெற்ற மையோஃபைப்ரோபிளாஸ்டாக மாறி, முதலாம் வகை, மூன்றாம் வகைக் கொலாஜனைக் கட்டுக்கட்டாக வெளியே தள்ளத் தொடங்குகிறது. லைசில் ஆக்சிடேஸ் குடும்பத்து நொதிகள் அந்த இழைகளை ஒன்றோடொன்று குறுக்கே பிணைத்து இறுக்குகின்றன. பழைய இழைகளைச் செரித்து அகற்ற வேண்டிய எம்எம்பி நொதிகளை டிம்ப் எனப்படும் தடுப்புப் புரதங்கள் செயல்படவிடாமல் செய்கின்றன. உற்பத்தி பெருகி, அகற்றல் குறைந்து, நுண்குழாய்ச் சுவரின் துளைகளும் அடைபட்டுப்போனால் அதுவே ஃபைப்ரோசிஸ். தழும்புப் பட்டைகள் கல்லீரலைச் சிறு முடிச்சுகளாகக் கூறுபோட்டுவிட்டால் சிரோசிஸ்.

ஃபைப்ரோஸ்கேன் அளப்பது இந்த இறுக்கத்தைத்தான். நலமான கல்லீரலில் 5 கிலோபாஸ்கலை ஒட்டி வரும் அளவு உங்கள் தந்தையாருக்கு 16.4 என்று வந்திருக்கிறது. சாப்பிட்டவுடன் எடுத்தாலும், கல்லீரலில் கடுமையான அழற்சி இருந்தாலும், இதயம் பலவீனமாகி இரத்தம் தேங்கினாலும், பித்தக் குழாய் அடைபட்டாலும் இந்த எண் பொய்யாக ஏறிக் காட்டும் என்பதால் ஒரே அளவை நம்பி முடிவு கட்டக் கூடாது. அதனால் நீங்கள் தந்த எண்களைக்கொண்டு ஃபிப்-4 என்ற கணக்கையும் போட்டுப் பார்த்தேன். வயதை எஸ்ஜிஓடியால் பெருக்கி, ஆயிரக் கணக்கிலான பிளேட்லெட் எண்ணிக்கையையும் எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தையும் பெருக்கி வந்ததால் வகுத்தால் ஏறத்தாழ 3.4 வருகிறது. 2.67-க்கு மேல் வந்தால் முற்றிய ஃபைப்ரோசிஸ் என்று கருத வேண்டும். இரண்டு அளவுகளும் ஒரே பக்கம் கைகாட்டுவதால் அவருடைய மருத்துவரின் கணிப்போடு நானும் உடன்படுகிறேன். எஸ்ஜிஓடியும் எஸ்ஜிபிடியும் ஏறக்குறைய இயல்பாக இருக்கின்றனவே என்று யாராவது ஆறுதல் சொன்னால் அதை ஏற்காதீர்கள். முற்றிய தழும்புள்ள கல்லீரலில் அவை அப்படி இருப்பது வழக்கம்தான்.

இப்போது புற்றுநோய்க்கு வருவோம். கல்லீரல் செல்லிலிருந்தே தோன்றும் ஹெபட்டோசெல்லுலார் கார்சினோமாவில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டவை சிரோசிஸ் உள்ள கல்லீரலில்தான் தோன்றுகின்றன. தழும்புக்குள் அடைபட்ட செல்கள் இறப்பதும், எஞ்சியவை அந்த இடத்தை நிரப்பப் பிரிந்துகொண்டே இருப்பதும் இதற்கு ஒரு காரணம். ஒவ்வொரு பிரிவும் மரபணுவில் பிழை நேர்வதற்கு ஒரு வாய்ப்பு. பிழை செல்லுக்குள்ளே நேர்கிறது என்பதை மறக்க வேண்டாம். மேட்ரிக்ஸ் தானாகவே புற்றுநோயை உண்டாக்கிவிடாது. ஆனால் பிழை நேர்ந்த செல் அடங்கிக் கிடக்குமா, பெருகுமா என்பதில் அதைச் சுற்றியுள்ள மேட்ரிக்ஸுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

செல்லின் மேற்பரப்பில் இன்டெக்ரின் என்ற புரதங்கள் இருக்கின்றன. அவற்றின் ஒரு முனை வெளியேயுள்ள இழையைப் பற்றியிருக்கும், மறு முனை செல்லின் உட்புறக் கட்டமைப்போடு இணைந்திருக்கும். வெளியே இறுக்கம் கூடினால் இந்த இணைப்பு இழுபடுகிறது. அதன் விளைவாக யாப், டாஸ் என்ற இரு புரதங்கள் செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து, பெருக்கத்துக்குரிய மரபணுக்களை இயக்கிவிடுகின்றன. மிருதுவான சூழலில் இதே புரதங்கள் பெரும்பாலும் உட்கருவுக்கு வெளியிலேயே நின்றுவிடும். 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், கல்லீரல் புற்றுநோய்ச் செல்களை 1 கிலோபாஸ்கல் இறுக்கமுள்ள கூழிலும் 12 கிலோபாஸ்கல் இறுக்கமுள்ள கூழிலும் தனித்தனியே வளர்த்துப் பார்த்தார்கள். இறுக்கமான தளத்தில் அவை விரைந்து பெருகின. சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்துக்கு எளிதில் மடியவும் இல்லை. மிருதுவான தளத்தில் இருந்தவை உறக்க நிலைக்குப் போயின. செல்கள் அவையேதான், தளம் மட்டுமே மாறியது.

இறுக்கம் ஒன்றே வழி என்று எண்ண வேண்டாம். மேட்ரிக்ஸ் இழைகளில் டிஜிஎஃப் பீட்டா போன்ற புரதங்கள் செயலற்ற நிலையில் கட்டுண்டு கிடக்கின்றன. இழைகள் அறுபடும்போதும் இழுபடும்போதும் அவை விடுபட்டு அருகிலுள்ள செல்களைத் தூண்டுகின்றன. அடர்ந்த கொலாஜன் பட்டைகள், நோயெதிர்ப்பு டி செல்கள் கட்டிக்குள் நுழைவதையும் தடுக்கின்றன. முற்றிய கல்லீரல் புற்றுநோய்க்கு அட்டிசோலிசுமாப், பெவாசிசுமாப் மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தபோது ஓராண்டுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் 67 விழுக்காடு. பழைய மருந்தான சோராஃபெனிப் பெற்றவர்களில் அது 55 விழுக்காடு என்று 2020-இல் வெளியான முடிவு காட்டியது. அது நல்ல முன்னேற்றம். ஆயினும் இத்தகைய நோயெதிர்ப்பு மருந்துகளுக்குக் கணிசமானோரின் கட்டி மசியாமல் இருப்பதற்கு மேட்ரிக்ஸ் எழுப்பும் இந்தத் தடையும் ஒரு காரணமாக ஆராயப்பட்டு வருகிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு, கொலாஜன் முழுவதையும் ஒழித்துவிட்டால் போதும் என்று தோன்றலாம். நானும் சில இளம் மருத்துவர்களும் அடிக்கடி வாதிடும் இடம் இது. 2022-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் எலிகளில் செய்த ஆய்வு, ஸ்டெல்லேட் செல்கள் எல்லாம் ஒரே தரத்தவை இல்லை என்று காட்டியது. அமைதியான நிலையிலுள்ளவை ஹெபட்டோசைட் வளர்ச்சிக் காரணியைச் சுரந்து கல்லீரல் செல்களைக் காக்கின்றன. எழுப்பிவிடப்பட்டு முதலாம் வகைக் கொலாஜனைக் கொட்டுபவைதான் புற்றுநோய்க்குத் துணைபோகின்றன. இன்னொரு செய்தியும் உண்டு. குடலிலிருந்தும் கணையத்திலிருந்தும் கல்லீரலுக்குப் பரவும் கட்டிகளைப் பற்றி 2021-இல் வெளியான எலி ஆய்வில், கட்டியைச் சுற்றியுள்ள முதலாம் வகைக் கொலாஜன் அதன் வளர்ச்சியை அணைபோட்டுத் தடுப்பது தெரிந்தது. அந்தக் கொலாஜனை நீக்கியபோது கட்டி மேலும் வளர்ந்தது. நோயியல் மருத்துவர்களுக்கு இதன் இன்னொரு முகம் நெடுங்காலமாகத் தெரியும். பயாப்சித் துணுக்கில் ரெட்டிகுலின் நிறமேற்றிப் பார்த்து, செல் வரிசைகளைத் தாங்கும் மெல்லிய இழைகள் காணாமற்போயிருந்தால் அது புற்றுநோய் என்பதற்கு வலுவான சான்றாகக் கொள்வார்கள். கட்டிக்கு வெளியே மேட்ரிக்ஸ் பெருகிக் கிடக்க, கட்டிக்குள்ளே இயல்பான மேட்ரிக்ஸ் அழிந்து போயிருக்கும். ஆகவே கூடுதல், குறைவு என்ற ஒரே அளவுகோலால் இதை அளக்க இயலாது.

உங்கள் தந்தையாருக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் இன்னொரு ஆய்வை விட்டுவிட எனக்கு மனமில்லை. ஃபேட்டி லிவர் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்குச் சிரோசிஸ் வராமலேயே புற்றுநோய் வருவது எங்களை நெடுநாள் குழப்பிய செய்தி. 2024-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் அதற்கு ஒரு விளக்கம் அளித்தார்கள். இரத்தத்தில் சர்க்கரை நெடுங்காலம் உயர்ந்திருந்தால் அது புரதங்களோடு ஒட்டி, ஏஜ் எனப்படும் கிளைக்கேற்றப் பொருள்களை உண்டாக்குகிறது. அவை கொலாஜன் இழைகளின் அமைப்பைக் கெடுக்கின்றன. அப்போது கல்லீரலின் இறுக்கம் ஏறாமலேயே அதன் இழுவைத்தன்மை மாறிவிடுகிறது. ரப்பர் துண்டை அழுத்தி விட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்பும், சப்பாத்தி மாவை அழுத்தினால் அழுந்தியபடியே நெகிழ்ந்துகொண்டு போகும் அல்லவா? கல்லீரலின் மேட்ரிக்ஸ் முதலாவதிலிருந்து இரண்டாவதை நோக்கிச் சற்று நகர்கிறது என்று கொள்ளலாம். இந்த மாற்றமும் யாப் புரதத்தைத் தூண்டப் போதுமானதாக இருந்தது. சான்றுகளில் பெரும்பகுதி எலிகளிலும் ஆய்வுக்கூடத்திலும் கிடைத்தவை என்பதால், ஏஜ் தடுப்பு மாத்திரை என்று எவரேனும் விற்றால் வாங்கிவிடாதீர்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் மட்டும் வேண்டிய காரியமில்லை என்று தந்தையாரிடம் சொல்வதற்கு இது நல்ல காரணம், அவ்வளவே.

உங்கள் பெரியப்பாவுக்கு நேர்ந்தது ஓரளவு வேறு பாதை. ஹெபடைடிஸ் பி கிருமி தன் மரபணுத் துண்டுகளைக் கல்லீரல் செல்லின் மரபணுவுக்குள்ளேயே செருகிவிடக் கூடியது; அதனால் தழும்பு அதிகம் இல்லாத கல்லீரலிலும் அது புற்றுநோயைக் கொண்டுவரும். விடுபட்டுப்போனதாக நான் முன்பு சொன்ன பரிசோதனை இங்கேதான் வருகிறது. உங்கள் தந்தையாருக்கு, ஹெபடைடிஸ் பி கிருமி இருப்பதைக் காட்டும் ஹெச்பிஎஸ் ஆன்டிஜென் பார்த்ததாகக் கடிதத்தில் இல்லை. பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு இந்தக் கிருமி நிரந்தரமாகத் தங்கிவிடும். வளர்ந்தபின் தொற்றினால் பெரும்பாலோர் அதிலிருந்து விடுபட்டுவிடுவார்கள். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளான அண்ணனுக்கு இருந்தது தம்பிக்கும் இருக்கக் கூடும். சர்க்கரை நோயும் ஃபேட்டி லிவரும் கண்முன் நிற்பதால் கிருமி இருப்பதைப் பார்க்கத் தவறிவிடுவது அரிதன்று. ஹெச்பிஎஸ் ஆன்டிஜெனையும், ஹெச்பி கோர் எதிர்ப்பொருளையும், ஹெபடைடிஸ் சி எதிர்ப்பொருளையும் தாமதமின்றிப் பாருங்கள். கிருமி இருந்தால் அதற்குரிய மாத்திரையும் பரிசோதனைகளும் 2018 ஜூலையில் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கும். கிருமி இல்லாத குடும்பத்தினர், பாதுகாப்பு இல்லையெனில், தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம்.

தழும்பைக் கரைக்க முடியுமா என்ற உங்கள் முக்கியமான கேள்விக்கு இப்போது விடை சொல்கிறேன். இழைகளைப் பிணைக்கும் லைசில் ஆக்சிடேஸ் நொதிகளில் ஒன்றைத் தடுத்தால் தழும்பு தளரும் என்ற நம்பிக்கையில் சிம்டுசுமாப் என்ற எதிர்ப்பொருளை உருவாக்கினார்கள். எலிகளில் அந்த வழி பயன் தந்தது; ஃபேட்டி லிவரால் முற்றிய தழும்பு ஏற்பட்ட மனிதர்களில் பயன் தரவில்லை என்று 2018-இல் முடிவு வெளியானது. இத்துறையில் இப்படி எலியில் வென்று மனிதரில் தோற்ற மருந்துகள் பல என்பதால் புதிய செய்தி எதையும் நான் சற்றுத் தள்ளி நின்றே பார்க்கிறேன்.

ஆனால் காரணம் நின்றால் கல்லீரல் தன் தழும்பைத் தானே செரித்துக்கொள்ளும் என்பதற்கு மனிதரிலேயே உறுதியான சான்று உண்டு. ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்கு ஐந்து ஆண்டுகள் டெனோஃபோவிர் என்ற கிருமித் தடுப்பு மாத்திரை கொடுத்துத் தொடக்கத்திலும் முடிவிலும் பயாப்சி எடுத்துப் பார்த்த ஆய்வு 2013-இல் லான்செட் இதழில் வந்தது. இருமுறையும் பயாப்சி எடுத்தவர்கள் 348 பேர். அவர்களில் தொடக்கத்தில் சிரோசிஸ் இருந்தவர்கள் 96 பேர். ஐந்தாண்டு முடிவில் அந்த 96 பேரில் 71 பேருடைய திசுவில் சிரோசிஸ் காணப்படவில்லை. ஒருமுறை சிரோசிஸ் வந்தால் திரும்பாது என்று என் தலைமுறை மருத்துவர்கள் பாடமாகப் படித்திருந்ததால், இந்த எண்கள் வந்தபோது நாங்கள் திகைத்துத்தான் போனோம். ஃபேட்டி லிவரைப் பொறுத்தவரை, 293 பேரை ஓராண்டு கவனித்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், உடல் எடையில் பத்து விழுக்காடும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் 45 விழுக்காட்டினருக்குத் தழும்பு ஒரு படியேனும் பின்வாங்கியது. அவர்களில் பெரும்பாலோர் சிரோசிஸ் நிலையை எட்டாதவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நெடுங்காலம் பிணைந்து இறுகிப்போன பட்டைகள் கரைவது மெதுவாகவே நடக்கும். சில கரையாமலே போகலாம்.

மருந்துகளில், ஃபேட்டி லிவரால் வரும் தழும்புக்கு ரெஸ்மெடிரோம் என்ற மாத்திரையை 2024 மார்ச்சிலும், செமாக்ளூட்டைடு ஊசியை 2025 ஆகஸ்டிலும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்தது. இரண்டுமே நடுத்தரத் தழும்புக்கும் முற்றிய தழும்புக்கும் உரியவை. சிரோசிஸுக்கு அந்த அனுமதி இல்லை. சர்க்கரைக்காகவோ எடைக்காகவோ செமாக்ளூட்டைடு பொருத்தமா என்பதை உங்கள் மருத்துவரே முடிவு செய்யட்டும். தந்தையார் எடை மிகுந்தவராக இருந்தால் மெதுவாகக் குறைக்கலாம். பட்டினி கிடந்து குறைக்கக் கூடாது. சிரோசிஸ் உள்ளவருக்குத் தசை கரைவது தனி ஆபத்து என்பதால், உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் நாள்தோறும் வேண்டும். மூன்று வேளையும் சோற்றை நிரப்பிக்கொள்ளும் நம் வழக்கத்தில் அது எளிதில் கிடைக்காது. முட்டை, மீன், பருப்பு, சுண்டல், மோர் என்று திட்டமிட்டுச் சேர்க்க வேண்டும். படுக்கப் போகும்முன் சிறிது உணவும் நல்லது. மது சிறிதும் கூடாது. கொலஸ்ட்ரால் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் கல்லீரலுக்குப் பயந்து தாமாகவே நிறுத்த வேண்டாம். சர்க்கரை சேர்க்காத காப்பி குடிப்பாரானால் குடிக்கட்டும். காப்பி குடிப்பவர்களிடம் கல்லீரல் புற்றுநோய் குறைவாகக் காணப்படுவது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது.

கொலாஜன் பவுடரைப் பற்றிய உங்கள் அச்சம் இயல்பானது. ஆனால் அதற்கு அடிப்படை இல்லை. பவுடரோ ஆட்டுக்கால் சூப்போ எதுவானாலும், அதிலுள்ள கொலாஜன் வயிற்றிலும் குடலிலும் அமினோ அமிலங்களாகவும் சிறு பெப்டைடுகளாகவும் சிதைந்துதான் இரத்தத்தில் கலக்கிறது. அது முழு இழையாகப் போய்க் கல்லீரலில் படிவதில்லை. கல்லீரல் தழும்பின் கொலாஜன் அங்கேயே, ஸ்டெல்லேட் செல்கள் உற்பத்தி செய்வது. எனவே கல்லீரலை முன்னிட்டு நிறுத்தத் தேவையில்லை. மூட்டுக்கு அது எவ்வளவு பயன் என்பது வேறு கேள்வி. டப்பாவில் வேறு மூலிகைச் சாறுகள் கலந்திருக்கின்றனவா என்று மட்டும் படித்துப் பாருங்கள். மூட்டு வலிக்காகக் கடையில் தாமாக வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகள்தான் எனக்கு அதைவிடக் கவலை தருகின்றன; டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகைகள் சிரோசிஸ் உள்ளவரின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும், இரத்தக் கசிவையும் உண்டாக்கும்.

கீழாநெல்லிக்கு நம் ஊரில் மதிப்பு மிக அதிகம். அதற்கு அறிவியல் வரலாறும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜனும், ஹெபடைடிஸ் பி கிருமியின் அடையாளத்தைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பெர்க்கும் சேர்ந்து 1988-இல் லான்செட்டில் வெளியிட்ட ஆய்வில், கீழாநெல்லி இனத்தைச் சேர்ந்த செடியின் பொடியை உட்கொண்ட 37 பேரில் 22 பேருடைய இரத்தத்திலிருந்து அந்த அடையாளம் மறைந்தது. ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத வெறும் மாத்திரை பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்த முடிவு அது. ஆனால் பின்னர் வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. அந்த ஆய்வும் கிருமியைப் பற்றியதுதான். தழும்பைக் கரைப்பதாகவோ புற்றுநோயைத் தடுப்பதாகவோ அதில் எதுவும் இல்லை. கல்லீரல் டானிக் என்று விற்கும் கலவைகளையும், அண்மைக் காலத்தில் கல்லீரல் பாதிப்பை உண்டாக்கியதாக மும்பை மருத்துவர்கள் பதிவு செய்துள்ள சீந்தில் கொடியையும் உங்கள் தந்தையாருக்குக் கொடுக்காதீர்கள்.

ஆறு மாத ஸ்கேன் என்ற கணக்கும் தற்செயலாக வந்ததில்லை. கல்லீரல் புற்றுக்கட்டி இருமடங்காகச் சராசரியாக நான்கு முதல் ஆறு மாதங்கள் ஆகின்றன. இந்த இடைவெளியில் பார்த்துக்கொண்டே இருந்தால் கட்டியைச் சிறிதாக இருக்கும்போதே பிடிக்கலாம். அப்போது அறுவை மூலமோ, ஊசி செலுத்திச் சுட்டோ அகற்றலாம். மாற்றுக் கல்லீரலும் பொருத்தலாம். ஒரே கட்டி 5 சென்டிமீட்டருக்குள், அல்லது மூன்று கட்டிகள் வரை ஒவ்வொன்றும் 3 சென்டிமீட்டருக்குள் என்ற மிலான் வரையறைக்குள் மாற்றுக் கல்லீரல் பெற்றவர்களில் நான்கு ஆண்டுகளுக்குப் பின் 75 விழுக்காட்டினர் உயிரோடிருந்தார்கள் என்று 1996-இல் இத்தாலியின் மாட்சஃபெர்ரோ காட்டினார். அதே புற்றுநோய் வலி வந்தபின், எடை குறைந்தபின் தெரியவந்தால் அந்த வாய்ப்புகளில் பெரும்பாலானவை கைநழுவியிருக்கும். அல்ட்ராசவுண்டோடு, கல்லீரல் புற்றுநோயில் கூடக்கூடிய ஒரு புரதத்தை அளக்கும் ஏஎஃப்பி இரத்தப் பரிசோதனையையும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள். உடல் பருத்தவர்களில் அல்ட்ராசவுண்டில் கல்லீரல் தெளிவாகத் தெரிவதில்லை. அறிக்கையில் அப்படிக் குறிப்பிட்டிருந்தால் எம்ஆர்ஐ எடுக்கலாமா என்று கேளுங்கள். ஒருவேளை சந்தேகமான கட்டி தென்பட்டால் மூன்று கட்ட சிடி ஸ்கேனிலேயே பெரும்பாலும் முடிவு தெரிந்துவிடும். சிரோசிஸ் உள்ளவருக்கு எப்போதும் பயாப்சி வேண்டும் என்பதில்லை.

நாளைக்கு அவர் எடை குறைத்து, சர்க்கரை கட்டுப்பட்டு, ஃபைப்ரோஸ்கேன் எண் 10-க்கு இறங்கினாலும் இந்தக் கண்காணிப்பை நிறுத்தக் கூடாது. மேட்ரிக்ஸ் மிருதுவாகலாம், அது இறுகியிருந்த ஆண்டுகளில் செல்களுக்குள் விழுந்த மரபணுப் பிழைகள் அப்படியே இருக்கும். ஹெபடைடிஸ் சி குணமான பிறகும் சிரோசிஸ் இருந்தவர்களைத் தொடர்ந்து பார்ப்பது இதனால்தான். இன்னொன்று: பிளேட்லெட் 1,50,000-க்குக் கீழே இருப்பதால் உணவுக் குழாயில் இரத்த நாளங்கள் புடைத்திருக்கின்றனவா என்று ஒருமுறை எண்டோஸ்கோப்பி செய்து பார்க்க வேண்டும். கருப்பாக மலம் போனாலும், வயிறு வீங்கினாலும், பேச்சில் குழப்பம் தெரிந்தாலும் அடுத்த ஸ்கேன் தேதிக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

உங்களுக்கும் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். தழும்பு பரம்பரையாக வருவதில்லை. கல்லீரலில் கொழுப்பு எளிதில் சேரும் தன்மையும் சர்க்கரை நோய்ப் போக்கும் குடும்பத்தில் ஓடக்கூடும். கிருமி இருந்தால் அதுவும் ஒரே வீட்டில் பரவியிருக்கலாம். நீங்களும் உங்கள் உடன்பிறந்தோரும் பெரியப்பாவின் பிள்ளைகளும் ஹெச்பிஎஸ் ஆன்டிஜென் பார்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரை, எடை, இடுப்புச் சுற்றளவு ஆகியவற்றையும் பாருங்கள். தந்தையாருக்கு நான் போட்ட ஃபிப்-4 கணக்கை உங்களுக்குப் போட்டுப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். 35 வயதுக்குக் கீழே அந்தக் கணக்கு நம்பத்தக்கதில்லை. அல்ட்ராசவுண்டில் கொழுப்பு தெரிந்தால், மூன்று மணி நேரம் வெறும் வயிற்றோடு இருந்து நேரடியாக ஃபைப்ரோஸ்கேனே எடுத்துக்கொள்ளுங்கள்.